விக்கல் குளிசையும் பழுதான சிறுநீரகமும்: கேள்வி பதில்

தசை தளர்த்தி மருந்துகள் பற்றிய கேள்விகளுக்குத் திருகோணமலையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற மயக்க மருந்து வைத்தியர் ஒருவரின் பதில்கள்.

மூதூர்: டயலிசிஸ் செய்யும் அப்பாவுக்கு விக்கல் நிற்கவில்லையென்று பக்லோபென் என்ற தசை தளர்த்திக் குளிசை தந்தார்கள். இரண்டு குளிசையோடு எங்களையே அடையாளம் தெரியவில்லை. பக்கவாதமா?

முதலில் ஆளை இன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், குளிசைப் பெட்டியையும் சேர்த்து. பக்கவாதம் இல்லையென்று அவர்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். ஆனால் என் சந்தேகம் குளிசைமேல்தான். பக்லோபெனில் 70 வீதத்துக்கு மேல் உருமாறாமல் சிறுநீரில்தான் போகும். ஈரல் கொஞ்சம்தான் கையாளும். சிறுநீரகம் நின்றவருக்கு முதல் குளிசை போகுமுன் அடுத்தது வந்து சேரும். தூக்கம், குழப்பம், மிஞ்சினால் மூச்சும் தளரும். சிறுநீரகச் செயலிழப்பே விக்கலைத் தருவதால், இந்த மருந்து போகக்கூடாத ஆட்களிடமே போய்ச் சேருகிறது. நல்லவேளை, டயலிசிஸில் இது நன்றாகக் கழியும். மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரும்.

கிண்ணியா: தம்பிக்கு ஹேர்னியா ஒப்பரேஷன். கிட்னி பழுது. தளர்த்தி ஊசி போட்டால் மூச்சு திரும்பாதா?

திரும்பும். அட்ராக்யூரியம், சிஸ்அட்ராக்யூரியம் என்ற தளர்த்தி ஊசிகள் இரண்டும் உடற்சூட்டிலும் இரத்தத்தின் காரத்தன்மையிலும் தாமாகவே உடையும். ஹொஃப்மன் சிதைவு என்பார்கள். சிறுநீரகத்தைக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கலமினும் பான்குரோனியமும்தான் சிறுநீரகத்தை நம்பியிருந்தவை.

நிலாவெளி, மாணவர்: சக்ஸமெத்தோனியம் என்ற தளர்த்தி ஊசி சிறுநீரக நோயாளிக்குக் கூடவே கூடாதென்று படித்தோம்.

தவறாகப் படித்திருக்கிறீர்கள். இந்த ஊசியால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது லீட்டருக்கு 0.5 மில்லிமோல் அளவுதான், சிறுநீரகம் நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஏற்கெனவே 6 இருந்தால் தொடாதீர்கள், 4.5 என்றால் பயமில்லை. தீக்காயம், நீண்டகாலப் படுக்கை, கைகால் செயலிழந்த வாதம் ஆகியவைதான் உண்மையான ஆபத்து.

மீண்டும் நிலாவெளி: ரோக்குரோனியம் என்ற தளர்த்தியும் அதை முறிக்கும் சுகமடெக்ஸும் இருக்க, அந்தப் பழசு எதற்கு ஐயா?

இது நல்ல கேள்வி! சுகமடெக்ஸ் ரோக்குரோனியத்தைக் கட்டிப்பிடித்துவிடும், சரி. ஆனால் அந்தக் கட்டு வெளியேறுவதும் சிறுநீரில்தான். தயாரிப்பாளரே கடும் செயலிழப்பில் பரிந்துரைப்பதில்லை, பலர் போடத்தான் செய்கிறார்கள். நான் முடிந்தவரை தவிர்ப்பேன். அங்கே நரம்புத் தூண்டிக் கருவி இல்லையென்றால் இந்த வாதமே வீண், தம்பி. தளர்ச்சி எவ்வளவு மிச்சமென்று அதனால் அளக்காமல் மூச்சுக் குழாயை எடுக்காதீர்கள்.

பதவிசிறிபுர: எங்கள் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குத் தண்ணீரா காரணம்?

என் துறையில்லை. சிறுநீரக வைத்தியரிடம் கேளுங்கள்.

கந்தளாய்: கிட்னி கொஞ்சம் பழுது. முதுகுவலிக்குத் தசை தளர்த்தி கலந்த வலிக்குளிசை போடலாமா?

கலப்புக் குளிசையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலிமருந்தான டைக்ளோபெனாக் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இருந்தால் வேண்டாம்.

தம்பலகாமம்: டிசானிடின் என்ற தசை தளர்த்திக் குளிசை?

சிறுநீரகம் நலிந்தால் இதன் வெளியேற்றம் பாதிக்கு மேல் குறையும், அளவும் குறையவேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதியிருந்தால், இரண்டையும் சேர்த்து விழுங்கவே விழுங்காதீர்கள். இரத்த அழுத்தம் விழுந்துவிடும்.