சிங்கம் திரியும் காட்டில் நடந்து போகலாமா?

கேள்வி: ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் ஜீப் இல்லாமல் கால்நடையாகவே காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்களாமே, சிங்கமும் யானையும் சும்மா விட்டுவிடுமா? (கோவை வாசகர்)

பதில்: பெரும்பாலும் அவைதான் முதலில் நகர்ந்து போகும். ஜீப் பழகிப்போய் அதன் நிழலிலேயே படுத்துக் கிடக்கிற சிங்கம்கூட, இரண்டு காலில் மனிதன் வருவதைக் கண்டால் எழுந்து புதருக்குள் போய்விடும். அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முன்னால் துப்பாக்கியோடு வனக்காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் ஒற்றை வரிசையில் நீங்கள், கூடிப்போனால் ஆறேழு பேர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கச் சில வழிகாட்டிகள் சாம்பல் நிரப்பிய சின்னத் துணிப்பை வைத்திருப்பார்கள், அதைத் தட்டினால் தூசு போகும் திசை தெரிந்துவிடும், நம் வாடை யானைக்கு எட்டாத பக்கமாகச் சுற்றிக் கூட்டிப் போவார்கள். சிங்கத்தைவிட அவர்கள் கவனமாக இருப்பது கூட்டத்தை விட்டுப் பிரிந்த கிழட்டு ஆண் எருமையிடமும், கரையேறிய நீர்யானையிடமும்தான். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது. எது வந்தாலும் ஓடாதீர்கள், வழிகாட்டி 'நில்' என்றால் நில்லுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நடந்தால் நிறைய விலங்குகள் பார்க்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: பார்க்க முடியாது. சிறுத்தையைப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்றால் ஜீப்பிலேயே உட்காருங்கள். நடப்பவருக்குக் கிடைப்பது தரை. கழுதைப்புலியின் எச்சம் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், எலும்பையும் சேர்த்துத் தின்பதால் அப்படி. யானையின் காலடித்தடத்தில் பாத வெடிப்புகள்கூட அச்சாக விழுந்திருக்கும். அந்தத் தடத்துக்குள்ளேயே குழியானைப் பூச்சி குழி பறித்திருந்தால் யானை போய் நேரமாகிவிட்டது, நிம்மதியாக நடக்கலாம். எருமை முதுகில் உண்ணி கொத்தும் பறவைகள் கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பினால், புதருக்குப் பின்னால் எருமை நிற்கிறது என்று, அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே வழிகாட்டி நம்மை நிறுத்திவிடுவார். பூக்கு மான் சீழ்க்கை அடித்தாலும் அப்படித்தான், எங்கோ சிங்கமோ சிறுத்தையோ இருக்கிறது. என்னைக் கேட்டால், காசு கொடுத்துப் போவது இந்த வாசிப்புக்காகத்தான்.

கேள்வி: எங்கே, எப்போது போகலாம்? (சேலம் வாசகர்)

பதில்: ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவைத்தான் முதலில் சொல்வேன். 1950-இல் அந்தப் பகுதித் தலைவர் ந்செஃபு தன் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கு ஒதுக்க, நார்மன் கார் என்ற வன அதிகாரி அங்கே பயணிகளுக்கு முகாம் போட்டார். நடைப் பயணமும் அவர் வளர்த்ததுதான். ஜூன் முதல் அக்டோபர் வரை போகலாம், மழை வந்தால் உள்முகாம்களை மூடிவிடுவார்கள். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தலைநகர் லுசாகாவிலிருந்து பூங்காவை ஒட்டிய ம்ஃபுவேவுக்கு விமானம் இருக்கிறது. செலவு கையைக் கடிக்கும் என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவைப் பாருங்கள், அங்கே பூங்கா நிர்வாகமே நடத்தும் வனநடை 1978-இல் வோல்ஹூட்டர் என்ற பாதையில் தொடங்கியது. வோல்ஹூட்டர் 1903-இல் குதிரையிலிருந்து விழுந்து, தன்னைக் கவ்வி இழுத்துப்போன சிங்கத்தை இடுப்புக் கத்தியால் குத்திக் கொன்ற காவலர். நீங்கள் கத்தி கொண்டுபோக வேண்டியதில்லை.

கேள்வி: பத்து வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா? நாங்கள் சைவம் வேறு. (நெல்லை வாசகி)

பதில்: பையன் இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும், பல முகாம்களில் 12 வயதுக்குக் கீழே நடக்க விடுவதில்லை. மலேரியா மாத்திரைக்கு முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், ஆளைக் கடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும். சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் செய்து தருவார்கள். ந்ஷிமா என்று மக்காச்சோள மாவுக் களி உண்டு, கீரையோடு கையால் பிசைந்து சாப்பிடுவது. ஊறுகாய் வேண்டுமானால் கொண்டுபோங்கள், பழத்தை மட்டும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். ம்ஃபுவேயில் ஒரு விடுதிக்குள் காட்டு மாம்பழம் பழுக்கும் பருவத்தில் யானைகள் வரவேற்பறை வழியாகவே நடந்து மரத்தடிக்குப் போகின்றன.