ஊர் வந்த பிறகு கார்டில் எடுத்த 956 திர்ஹம்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு துபாய் போனபோது ஆறு நாள் கார் வாடகைக்கு எடுத்தோம். ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து கிரெடிட் கார்டில் 956 திர்ஹம் எடுத்திருக்கிறார்கள். சாலிக் (துபாய் சாலை டோல்) 18 முறைக்கு 126, அபராதம் 300, சேவைக் கட்டணம் 30, பம்பர் கீறல் 500 என்கிறார்கள். ஓடிபியே வரவில்லை. மொத்தத்தையும் திரும்ப வாங்க முடியுமா?"

மொத்தமும் வராது. ஆனால் 500-ஐ விட்டுவிடாதீர்கள்.

ஓடிபி வராததை வைத்து வாதாட வேண்டாம். பிறகு வரும் டோல், அபராதம், சேதம் எல்லாவற்றையும் கார்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வெளிநாட்டு நிறுவனம் ஓடிபி கேட்காமலே அதை எடுக்க முடியும். "இது நான் செய்த பரிவர்த்தனையே இல்லை" என்று வங்கியில் சொன்னால் கார்டை முடக்குவார்கள். நிறுவனம் அந்தக் கையெழுத்தைக் காட்டும். நியாயமான பகுதியும் சேர்ந்து தோற்றுப்போகும்.

முதலில் சாலிக். கேட் பெயர், தேதி, நேரத்தோடு பட்டியல் கேளுங்கள். 2025 ஜனவரி 31 முதல் வார நாட்களில் காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 8 வரை 6 திர்ஹம். மற்ற நேரத்தில் 4. நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் 4தான். உங்களிடம் 18 முறையும் தலா 7 வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் 1 திர்ஹம் சேவைக் கட்டணம் என்று வைத்தாலும் அத்தனையும் நெரிசல் நேரத்திலா நடந்திருக்கும்? அல் சஃபா வடக்கு, தெற்கு கேட் இரண்டையும் ஒரே திசையில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்தால் ஒரு கட்டணம்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்த நேரத்துக்குப் பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடுத்து ஓட்டியவருடையது.

அபராதம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். துபாய் ரேடார் பலகை வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை விட்டுவிடும்; அபுதாபியில் அந்தச் சலுகை 2018-லேயே போய்விட்டது. பள்ளிவாசல் பார்க்க அபுதாபி போகிற நம்மவர்கள் மாட்டுவது இங்கேதான்: 120 என்று பலகை இருந்தால் 120தான். 20 கிலோமீட்டருக்குள் மீறினால் 300 திர்ஹம். அபராத எண்ணைக் கேட்டு வாங்கி, போலீஸ் இணையதளத்தில் தேதியும் இடமும் பாருங்கள். ஒத்துப்போனால் கட்டியதாகவே இருக்கட்டும். 30 திர்ஹம் சேவைக் கட்டணம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பது மட்டும் பார்க்க வேண்டியது.

இனி பம்பர். விபத்துச் சேதத்தை போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்க்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. எனவே ஈமெயிலில் நான்கைக் கேளுங்கள்: கார் கொடுத்தபோதும் திரும்ப வாங்கியபோதும் எழுதிய சோதனைச் சீட்டுகள், நேரம் பதிந்த படங்கள், போலீஸ் ரிப்போர்ட், ஒர்க்‌ஷாப் பில். ரிப்போர்ட் இல்லை என்றால், எதை வைத்துச் சரிசெய்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பேசி முடிக்காதீர்கள். ஈமெயில்தான் பிறகு ஆதாரமாக நிற்கும்.

ஏழு நாளில் பதில் வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். "956-ல் 500 மட்டும் தகராறு, சேதத்துக்கு ஆதாரம் தரவில்லை" என்று பிரித்தே எழுதி, ஈமெயில் நகலை இணையுங்கள். இதற்கு கார்டு நிறுவனங்கள் பொதுவாகத் தரும் அவகாசம் 120 நாள். அதுவரை ஆறப்போடாமல் இந்த மாதமே கொடுங்கள். தகராறு நடக்கும்போதும் கார்டு பில்லைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டி ஏறும். ரூபாய்த் தொகை கணக்கைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் அது நிறுவனத்தின் வேலை அல்ல: வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். 14448-ல் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

அடுத்த முறைக்கு: ராமநாதபுரம் ஆர்டிஓவில் 1,000 ரூபாய்க்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள், ஒரு வருடம் செல்லும். அது இல்லாமல் ஓட்டினால் காப்பீடு கைவிடும். கார் எடுக்கும்போதும் விடும்போதும் வீடியோ எடுங்கள். பம்பரின் அடி உதடு, நான்கு ரிம்களின் விளிம்பு, முன்கண்ணாடி, மீட்டரும் பெட்ரோல் முள்ளும் ஒரே படத்தில். அடித்தள பார்க்கிங்கில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால்தான் பழைய கீறல் தெரியும். மதுரை விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், "புதுச் சேதம் இல்லை" என்று சீட்டில் எழுதி, நேரமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு டெர்மினலுக்குள் போங்கள்.