அறுபத்து நாலில் ஒரு சிவப்புக் கார்

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு வயது 64. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறோம். நாற்பது வருடமாக லோடு வண்டி, பழைய டீசல் வண்டி என்றே ஓட்டியவர், போன தை மாதம் கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற பி.எம்.டபிள்யூ இசட்4 காரை வாங்கி வந்து நிறுத்திவிட்டார். சிவப்பு நிறம், ரெண்டே சீட், கூரை திறந்து மூடும். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்பி, பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறிவிட்டு வருகிறார். ஒரம்பரை வந்தால் "உங்கய்யனுக்கு மறுபடி மீசை முளைக்குதா?" என்று கேட்கிறார்கள். அம்மா வெசனத்தில் இருக்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரு போலோ ஜிடி கார் கேட்டபோது, "எதுக்குடா, காசு கல்லாவுல உறுத்துதா?" என்றவர் இவர்தான். நல்லபடியாகப் பேசிச் சாவியை எப்படி வாங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை அப்பாவைப் பற்றிய கவலை தெரிந்தது. ரெண்டாவது தடவை அந்தப் போலோ தெரிந்தது. கோவித்துக்கொள்ளாதீர்கள். அது தனிக் கணக்கு, அதை அவரிடம் நேராகவே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'வயசாச்சு' என்ற பில்லோடு சேர்த்து நீட்டினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். மண்டிக்காரர், எந்த மூட்டையில் ஈரம் இருக்கிறது என்று கை வைத்தே சொல்கிறவர்.

ஒரம்பரை பேச்சை முதலில் விடுங்கள். இந்த மாதிரி ரெண்டு சீட் கார்களை வாங்குகிறவர்களில் நரைத்த தலைகள் எல்லா நாட்டிலும் உண்டு. இருபத்தைந்தில் ஆசை இருக்கும், காசு இருக்காது. நாற்பதில் காசு இருக்கும், ஆனால் பின்சீட்டில் ரெண்டு பிள்ளைகள், ஒரு அம்மா, மடியில் சீர்த்தட்டு. எல்லோரும் இறங்கிப் போன பிறகுதானே ரெண்டு சீட் போதும் என்று ஆகிறது? அமெரிக்க நடிகர் பால் நியூமன் 1995-இல், தன் 70-ஆவது வயதில், டேட்டோனா 24 மணி நேரக் கார் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்த அணியில் ஓட்டினார். நம் பக்கத்துக்கும் இந்தக் கிறுக்கு புதிதில்லை. மாருதி இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கரிவர்தன் கோவைக்காரர். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன் கோவையில் வளர்ந்தவர், அவருடைய அப்பாவும் ராலி ஓட்டியவர்.

அப்புறம் காருக்கு வருகிறேன். அது இசட்4-இல் எம்40ஐ என்கிற வகையாக இருந்தால் 340 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலரை விநாடி. கேட்கவே வயிற்றைக் கலக்கும். ஆனால் முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும் வண்டிகளை லோடோடு ஓட்டிக் காலம் தள்ளியவருக்கு, இதைப் போல நிற்கிற, திரும்புகிற கார் ஒரு விதத்தில் பாதுகாப்புதான். எனக்கு பயம் வேறு ரெண்டு இடத்தில்.

ஒன்று, கண். நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பொழுது இறங்கிய பிறகு பவானியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பஸ். அதன் வெளிச்சம் பஞ்சு மிட்டாய் மாதிரி பிரிந்து கண்ணாடி முழுக்கப் பரவியது. பஸ் தாண்டிய பிறகும் ரெண்டு மூன்று விநாடி எதுவும் தெரியவில்லை. தெரிந்தபோது முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை, தோகை மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு முழம் இடைவெளியில் நின்றேன். அதற்கு முன் ஆறு மாதமாக 'இந்த ஹெட்லைட் சரியில்லை' என்று சொல்லி ரெண்டு தடவை பல்பு மாற்றியிருந்தேன். சரியில்லாதது என் கண்ணில் இருந்த புரை. வயது ஏற ஏறக் கண்ணின் பாப்பா இருட்டில் முன்போல விரியாது, கூச்சம் அடித்தால் தெளிய நேரம் எடுக்கும். புரையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். அறுவை செய்துகொண்டேன், இப்போது இரவிலும் ஓட்டுகிறேன், மெதுவாக.

அதனால் அப்பாவை முதலில் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள், கூடவே டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். அந்தக் கையெழுத்து எந்த லட்சணத்தில் வாங்கப்படுகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நம்பி உட்காராதீர்கள்.

ரெண்டாவது, கால். இது ஆட்டோமேட்டிக் கார், கிளட்ச் கிடையாது. நாற்பது வருடம் மூன்று பெடல் மிதித்த கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது உண்டு. பழைய டீசல் வண்டியில் அப்படி மிதித்தால் அது யோசித்து யோசித்துக் கிளம்பும், அதற்குள் காலை எடுத்துவிடலாம். இது யோசிக்காது, தம்பி. காம்பவுண்டு சுவரைத் தாண்டித்தான் நிற்கும். அப்பா எதைக் காலில் போட்டு ஓட்டுகிறார் என்று பாருங்கள். மண்டிக்குப் போகிற அதே தோல் செருப்பும் வேட்டியும் என்றால், அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தரையோடு தரையாக இருக்கும் சீட்டில் வேட்டியோடு இறங்குகிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் கதவு, ஒரு கையில் வேட்டி முனை, கால் வெளியே, உடம்பு உள்ளே. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள் என்பது இருக்கட்டும், அதே வேட்டி பெடலில் சுற்றினால்? பேன்ட்டும், பின்பட்டி உள்ள ஷூவும் போதும். ஏறும்போது முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கட்டும், முட்டி தப்பிக்கும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கிறார் என்றால், விடியற்காலை வெறும் வயிற்றோடு மலை ஏறக் கூடாது. சில மருந்துகளில் சர்க்கரை சட்டென்று இறங்கும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவில் அது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். இன்னொன்று, பண்ணாரி தாண்டினால் புலிகள் காப்பகம். கரும்பு லாரிக்காக ரோட்டோரம் காத்து நிற்கிற ஆனைகள் அங்கே உண்டு. காட்டுக்குள் கூரை மூடியே இருக்கட்டும், மெதுவாகவே போகட்டும். காரின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால், கோவை செட்டிபாளையத்தில் அதே கரிவர்தன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. சொந்தக் காரோடு வந்து ஓட்ட எப்போது விடுகிறார்கள் என்று விசாரித்துக் கூட்டிப் போங்கள். அங்கே எதிரே பஸ் வராது.

சாவி விஷயம். இப்போது கேட்காதீர்கள். இந்த வாரம் ஒரு நாள் பொழுதோடு, விளக்குப் போடுகிற நேரத்தில், "ஒரு ரவுண்டு போகலாம்ப்பா" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள். வாயைத் திறக்காமல் அவரைப் பாருங்கள். எதிர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிறாரா? வலது பக்கம் திரும்பும்போது கழுத்தைத் திருப்புகிறாரா, கண்ணாடியோடு நிறுத்திக்கொள்கிறாரா? இடது பக்கம் நுழைகிற டூவீலர் உங்கள் கண்ணில் பட்ட பிறகுதான் அவர் கண்ணில் படுகிறதா? பிரேக் ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில்தான் விழுகிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் கேட்டால் அவர் தூங்குவார். சரியில்லை என்றால், பார்த்ததைப் பார்த்தபடி அவரிடம் சொல்லுங்கள். வயதை இழுக்காதீர்கள். ராத்திரி ஓட்ட வேண்டாம் என்பதில் தொடங்கினால் போதும், பெரும்பாலானவர்கள் அதற்கு ஒப்புக்கொள்வார்கள்.

அவர் காசு, அவர் கார், அதில் நான் எதுவும் சொல்வதற்கில்லை. ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் என்பதால் டயர் வயதைப் பார்க்க வேண்டும். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. இந்தக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலையும் மாற்றிவிடுங்கள். விலையைக் கேட்டு அப்பா முகம் எப்படிப் போகிறது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.