டயர் லைட் எரிகிறது, ஸ்டீயரிங் கனக்கிறது: கோளாறு எங்கே?

கேள்வி: முன் டயர் இரண்டையும் மாற்றினேன். இடது முன் சக்கரத்துக்குப் புது பேரிங்கும் போட்டார்கள். வண்டியை எடுத்ததிலிருந்து டயர் காற்று லைட், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது), ஸ்டீயரிங் லைட் நான்கும் சேர்ந்து எரிகின்றன. ஸ்டீயரிங் கனக்கிறது, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. டயர் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ரிம்முக்குள் உட்கார்ந்திருக்கும் சென்சார் காற்றழுத்தத்தைச் சொல்லும், அவ்வளவுதான். அது செத்துப்போனாலும் ஸ்டீயரிங் கனக்காது. அது மட்டும் கெட்டிருந்தால் டயர் லைட் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்படியே நின்று எரியும். மினுக்காமல் எடுத்ததுமே நின்று எரிந்தால் காற்று குறைவு.

உங்கள் காரில் அந்தச் சென்சாரே இல்லாமலும் இருக்கலாம். காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்கும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். பல கார்கள் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரை வைத்தே அந்த வித்தியாசத்தைப் பிடிக்கின்றன. டேஷ்போர்டில் டயர் படம் போட்ட ‘செட்’ பொத்தான் இருந்து, ஒவ்வொரு டயரின் காற்றழுத்தம் (பிஎஸ்ஐ) தனித்தனியாகத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் ஒரு சக்கரத்தின் வேகக் கணக்கு நின்றால் ஏபிஎஸ், இஎஸ்சி, டயர் லைட் மூன்றும் ஒன்றாக எரியும். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கும் வண்டியின் வேகத்தைப் பார்த்தே உதவி தருகிறது. அந்தத் தகவல் கிடைக்காவிட்டால் சில கார்களில் உதவியைக் குறைத்துவிடும். பார்க்கிங்கில் கனக்கும்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் அணைத்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அளவில், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். வோல்டேஜ் சரிந்தாலும் இதே நான்கு லைட்டும் வரும்.

அது சரியென்றால் என் சந்தேகம் அந்தப் புது பேரிங் மேல்தான். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்க சீலிலேயே (மூடியிலேயே) காந்த வளையம் இருக்கிறது. அது சுற்றுவதை வைத்தே ஏபிஎஸ் சென்சார் வேகத்தைக் கணக்கிடும். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். குண்டூசியை வைத்தால் காந்தப் பக்கத்தில் மட்டும் லேசாக ஒட்டும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் சக்கரம் நன்றாகவே சுற்றும், சத்தமும் வராது, ஆனால் சிக்னல் வராது. கழற்றினால் பேரிங் கெட்டுவிடும், புதிது வாங்க வேண்டியதுதான். அதற்கு முன், சென்சார் ஒயர் இழுபட்டிருக்கிறதா, கனெக்டர் ‘கிளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா, கிளிப் மாட்டாமல் ஒயர் டயரில் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உறுதி செய்ய, காரில் பதிவான கோளாறு எண்களை (‘கோடு’) படிக்கும் ஸ்கேனர் வேண்டும். காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் மலிவான கருவிகள் பல எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும், ஏபிஎஸ் படிக்கும் கருவியாகக் கேளுங்கள். சி0035 என்று வந்தால் இடது முன் வேக சென்சார் சர்க்யூட். கோடு வந்ததுமே சென்சாரை மாற்றிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அவசரப்படாமல் நேர்ச் சாலையில் 20 கிமீ வேகத்தில் ஓட்டி, நான்கு சக்கர வேகத்தையும் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று 20 காட்ட ஒன்று 0 காட்டினால் கோளாறு அங்கேதான்.

இழுப்பது தனிக் கதை. டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். பிறகும் இழுத்தால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் மாற்றாதீர்கள். இழுப்பு வலப்பக்கம் போனால் டயரில் கோளாறு. இடப்பக்கமே நின்றால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) சரியில்லை, இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்து கிமீ ஓட்டிவிட்டு ரிம்மருகே கையைக் கொண்டுபோனால், தொடாமலே அந்தச் சக்கரத்தின் சூடு தெரியும்.

அலைன்மென்ட் செய்தபின் ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், இஎஸ்சி லைட் அதனாலும் எரியும். கடைசியில் ‘செட்’ பொத்தானை அழுத்திப் பிடித்து டயர் அளவைப் புதிதாகப் பதிய வையுங்கள்.

மஞ்சள் ஏபிஎஸ் லைட் மட்டும் என்றால் பிரேக் வேலை செய்யும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். மெதுவாக ஒர்க்ஷாப் வரை போகலாம். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் ஓட்டாதீர்கள், வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிக் கொண்டுசெல்லுங்கள்.