ஒன்பது குழுக்கள் வேண்டாம்

அன்புள்ள சார்,

நானும் மூன்று நண்பர்களும் மூன்று வருடங்களுக்கு முன்னால் பள்ளி நூலகங்களுக்காக ஒரு கட்டற்ற மென்பொருள் எழுத ஆரம்பித்தோம். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்ப வரவேண்டும், பார்கோடு அச்சடிப்பது, இவ்வளவுதான். இப்போது நிரல் எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், பயன்படுத்தும் ஆசிரியர்கள் என்று நூற்றுச்சொச்சம் பேர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். காலையில் எழுந்தால் இருநூறு செய்திகள். போன மாதம் ஒரு ஆசிரியை, பார்கோடு பாதியில் வெட்டுப்பட்டு அச்சாகிறது என்று படத்தோடு கேட்டார். அன்றைக்குப் பார்த்து நாங்கள் டேட்டாபேஸை மாற்றுவது பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். மூன்று முறை கேட்டுவிட்டு அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அதனால், ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச்சேரும் மின்னஞ்சல் மடற்குழுக்களுக்கு மாற நினைக்கிறோம். நண்பர் ஒருவர் ஒன்பது குழுக்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்: அறிவிப்பு, பயனர், டெவலப்பர், மொழிபெயர்ப்பு, உதவிக் குறிப்புகள், சோதனை, வடிவமைப்பு, அரட்டை, அப்புறம் நாங்கள் நால்வர் மட்டும் சீக்கிரமாக முடிவெடுக்க ஒரு தனிக்குழு. இது சரிவருமா? இந்தக் காலத்தில் போய் மின்னஞ்சலா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை மூடிய பிறகும் அந்த ஆசிரியைதான் மனதில் நிற்கிறார். ஒருவர் மூன்று முறை கேட்டுவிட்டுப் போகிறார் என்றால், அவருக்குப் பின்னால் ஒரு முறைகூடக் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. குழுக்களை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு அவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒன்பது வேண்டாம். இரண்டு போதும், அதோடு நீங்கள் மட்டும் எழுதக்கூடிய ஓர் அறிவிப்புக் குழு. பயனர்களுக்கு ஒன்று, டெவலப்பர்களுக்கு ஒன்று. மொழிபெயர்ப்பு, சோதனை, வடிவமைப்பு எல்லாம் இப்போதைக்கு டெவலப்பர் குழுவிலேயே நடக்கட்டும்.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். நான் பங்கெடுத்த ஒரு திட்டத்தில் முதல் வாரமே ஏழு குழுக்களைத் திறந்தோம். அதில் ஐந்தில் வரவேற்பு மடலுக்கு அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஒரு கல்லூரி மாணவி, உதவிக் குறிப்புகளுக்கான குழுவில், நிறுவும் வழிமுறையைத் தான் திருத்தி எழுதித் தரலாமா என்று கேட்டிருந்தார். அந்தக் குழுவை யாரும் பார்க்கவில்லை. பதினோரு நாள் கழித்து நான் தற்செயலாகப் பார்த்துப் பதில் எழுதினேன். அவரிடமிருந்து அப்புறம் மடலே வரவில்லை. அவர் பார்த்தது ஒரு காலி அறையை. இந்தத் திட்டம் செத்துவிட்டது என்று நினைத்திருப்பார், வேறென்ன நினைக்க முடியும்?

பெரிய திட்டங்களில் நூற்றுக்கணக்கில் குழுக்கள் இருக்கின்றனவே என்று உங்கள் நண்பர் கேட்பார். இருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் நெட்வொர்க்குக்கு ஒன்று, நினைவக மேலாண்மைக்கு ஒன்று, யுஎஸ்பிக்கு ஒன்று என்று பகுதிவாரியாக உண்டு. ஆனால் அந்தக் கெர்னல் நிரலோடு மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு வருகிறது, அதை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் யார், எந்த மடற்குழுவுக்கு எழுத வேண்டும், எந்தெந்தக் கோப்புகள் அவர் பொறுப்பில் வருகின்றன என்று வரிவரியாக இருக்கும். உங்கள் திருத்தத்தைக் கொடுத்தால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் சின்ன நிரல்கூட அதே தொகுப்பில் இருக்கிறது. குழுவின் முகவரிக்குப் பக்கத்தில் ஆட்களின் பெயர் இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் ஒன்பதில் எத்தனைக்கு அப்படிப் பெயர் எழுத முடியும் என்று நால்வரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

பிரிப்பதற்கும் நேரம் வரும். ஒரு பேச்சு இன்னொரு பேச்சை மூச்சுமுட்ட வைக்கும்போது பிரிக்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்குகிறவர்கள் 2006 கடைசியில் பைத்தான்-ஐடியாஸ் என்று ஒரு தனிக்குழு தொடங்கினார்கள். இன்னும் பழுக்காத யோசனைகளை அங்கே பேசிவிட்டு, தேறியதை மட்டும் பைத்தான்-டெவ் குழுவுக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் ஏற்பாடு. வேலை செய்கிறவர்களின் கவனத்தைக் காப்பாற்றப் பிறந்த குழு அது. உங்களிடமும் மொழிபெயர்ப்பவர்கள் பத்துப் பேராகி, ஒரு சொல்லுக்கு நாற்பது மடல் போக ஆரம்பித்தால், அவர்களே தனி இடம் கேட்பார்கள். அன்றைக்குத் திறந்து கொடுங்கள்.

இப்போது அந்த நால்வர் குழு. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கவலை.

இணையப் பக்கங்களை நம் உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி இணைய வழங்கி 1995இல் எப்படி உருவானது என்று பாருங்கள். அதற்கு முன்னால் என்சிஎஸ்ஏ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தில் ஓர் இணைய வழங்கி மென்பொருள் இருந்தது, அதை எழுதியவர் அங்கிருந்து போய்விட்டார். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஆளாளுக்கு நிரலைத் திருத்தி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஒரு மடற்குழுவில் சேர்ந்து அந்த ஒட்டுகளைத் தொகுத்தார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு வேலை. எல்லாம் மடலில்தான். அந்தப் பழக்கம் அங்கே இன்றைக்கும் விதியாக இருக்கிறது: மடற்குழுவில் நடக்காதது நடக்கவே இல்லை. இருவர் போனில் பேசலாம், காபி குடித்துக்கொண்டே பேசலாம், ஆனால் முடிவு குழுவுக்கு வந்தாக வேண்டும். வாக்கு என்றால் சம்மதத்துக்குக் கூட்டல் ஒன்று, மறுப்புக்குக் கழித்தல் ஒன்று. நிரல் மாற்றத்தை மறுக்கிறவர் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த மறுப்பு செல்லாது. வாக்குக்குப் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் கொடுப்பார்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருக்கிறார், ஒருவருக்கு வார இறுதியில்தான் நேரம் கிடைக்கிறது. எல்லோருக்கும் அந்த மூன்று நாளில் ஒரு வாய்ப்பு.

நீங்கள் கேட்பது வேகம். உங்களுக்காகச் சம்பளமில்லாமல் நிரல் எழுதுகிறவர் கேட்பது, அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்பது. நால்வர் கூடி டேட்டாபேஸை மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டு, திங்கட்கிழமை அறிவித்தால் மற்றவர்கள் வேலைக்காரர்களாகிவிடுவார்கள். ஒரு மாதத்தில் ஒவ்வொருவராக மௌனமாவார்கள்.

தனிக்குழுவே கூடாதென்று சொல்லவில்லை. இரண்டு விஷயங்களுக்கு அது வேண்டும். ஒன்று, பாதுகாப்பு ஓட்டைகள். திருத்தம் தயாராவதற்குள் ஊருக்குத் தெரிந்தால் மாணவர்களின் விவரங்கள் வெளியே போய்விடும். ஆனால் அதற்கும் கெடு வையுங்கள். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் விநியோகங்களுக்கான மூடிய பாதுகாப்புக் குழுவில் எந்த ஓட்டையையும் அதிகபட்சம் 14 நாள்தான் மறைத்து வைக்கலாம். இரண்டாவது, ஒருவருடைய நடத்தை பற்றிய புகார். அதைச் சபையில் பேசக் கூடாது. மற்றதெல்லாம் வெளியே. உள்ளே எழுதிப் பழகியதைப் பிற்பாடு வெளியே கொண்டுவருவது எளிதல்ல. அப்படியொரு விநியோகமான டெபியன் திட்டத்தில் உறுப்பினர்களுக்கு மட்டுமான ஒரு குழு உண்டு. அதன் பழைய மடல்களை மூன்று வருடம் கழித்து வெளியிடலாம் என்று 2005இல் வாக்கெடுத்தே தீர்மானித்தார்கள். மடல்கள் வெளிவரவில்லை. 2016இல் அந்த விஷயம் மறுபடியும் வாக்கெடுப்புக்கு வந்தது.

மின்னஞ்சல் பழசாகிவிட்டதா? பழசுதான். பைத்தான்காரர்களே தங்கள் விவாதங்களை இணையதளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். புதுக் கணக்கு, புதுச் செயலி எதுவும் வேண்டாம். பள்ளிக் கணினியிலிருந்தே எழுதலாம், பதில் அவர்களைத் தேடி வரும். நான் லினக்ஸ் கற்றுக்கொண்டது சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடல்களைப் படித்துத்தான். ஐஐடி மெட்ராஸ் வான்பொறியியல் துறையின் முகவரியில் வெகுகாலம் அந்தக் குழு இயங்கியது. ராத்திரி பதினோரு மணிக்கு, பூட் ஆகாத கணினியைப் பற்றி எழுதிவிட்டுப் படுப்பேன். காலையில் முகம் தெரியாத ஒருவர் என் மடலை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்குக் கீழும் பதில் எழுதியிருப்பார். தேவையில்லாத வரிகளை வெட்டியிருப்பார். என் கேள்வியை ஒருவர் முழுதாகப் படித்திருக்கிறார் என்பது அந்த வெட்டிலேயே தெரியும். உங்கள் பயனர் குழுவில் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், நீங்கள் நால்வரும் அப்படி எழுதினால் போதும், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும், நிறுத்தி வைக்கப்பட்ட மடல்களைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநர் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் பார்க்க. பெரிய வேலை இல்லை, ஆனால் தினமும் பத்து நிமிடம் உண்டு. மடற்குழு நடத்தும் மெயில்மேன் மென்பொருளைத்தான் போடப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு மடலின் அளவு 40 கேபிக்கு மேல் போனால் நிறுத்தி வைக்கும்படி முன்னிருப்பாகவே அமைத்திருப்பார்கள். அந்த ஆசிரியை போனில் எடுத்து அனுப்பும் பார்கோடு படம் இதைவிடப் பல மடங்கு இருக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் அவர் மடல் வரிசையில் முடங்கிக் கிடக்கும், நீங்கள் நால்வரும் ஏன் யாரும் எழுதவில்லை என்று காத்திருப்பீர்கள். டெவலப்பர் குழுவில் வெறும் எழுத்து மட்டும் என்று கண்டிப்பாக இருக்கலாம், கெர்னல் குழுக்கள் வண்ணம், எழுத்துரு எல்லாம் சேர்ந்த எச்டிஎம்எல் மடலைத் திருப்பியே அனுப்பிவிடும். பயனர் குழுவில் அந்தக் கண்டிப்பு வேண்டாம்.

இன்னொரு அமைப்பு, டிமார்க். மடல் உண்மையிலேயே அந்த முகவரிக்காரரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் முறை அது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டை இறுக்கியபோது, யாஹூவிலிருந்து ஒருவர் மடற்குழுவுக்கு எழுதினால், குழு அனுப்பும் பிரதியை ஜிமெயில் போன்றவை போலி என்று திருப்பி அனுப்பின. திரும்பி வந்த மடல்களை எண்ணிப் பார்த்த குழு மென்பொருள், ஒரு தவறும் செய்யாத ஜிமெயில்காரர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அனுப்புநர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றும் வசதி மெயில்மேனில் இருக்கிறது, முதலிலேயே போட்டுவிடுங்கள்.

பழைய மடல்கள் எல்லோரும் தேடிப் படிக்கும்படி இருக்கட்டும், அதன் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும். தமிழில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எத்தனை பேச்சு யாஹூ குழுமங்களில் நடந்தது. 2019 அக்டோபரில் பழையவற்றையெல்லாம் அழிக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள், 2020 டிசம்பர் 15இல் மொத்தமாக மூடினார்கள். யாரோ சிலர் ராப்பகலாக இறக்கி வைத்ததுதான் மிச்சம். மாதம் ஒருமுறை, மடல்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் எம்பாக்ஸ் கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பயனர் குழுவைத் திறக்கும் அன்றைக்கு வரவேற்பு மடல் எழுதாதீர்கள். அந்த ஆசிரியைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய கேள்வியையே, அந்த வெட்டுப்பட்ட பார்கோடு படத்தோடு, முதல் மடலாகப் போடுங்கள். அச்சுப்பொறியில் காகித அளவு என்ன, ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று கேட்டு, அன்றைக்கே வரிவரியாகப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்.