பறக்காத கிளியைக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: வண்டலூரில் நெருப்புக்கோழியைப் பார்த்ததிலிருந்து என் ஏழு வயது மகள், 'பறக்காத பறவை வேற என்ன இருக்கு?' என்று கேட்டபடியே இருக்கிறாள். அதிகம் பேசப்படாத ஒரு பறவையை அவளுக்கு எப்படி அறிமுகம் செய்வது? - ஒரு வாசகி, பள்ளிக்கரணை

பதில்: காக்காப்போவைச் சொல்லுங்கள். நியூசிலாந்தில் மட்டும் வாழும் கிளி. உலகில் பறக்காத கிளி இது ஒன்றுதான். மாவோரி மொழியில் காக்கா என்றால் கிளி, போ என்றால் இரவு. நம் பிள்ளைகள் பெயரைக் கேட்டதுமே சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பெயர் மறக்காது.

படத்தை உடனே காட்டிவிடாதீர்கள். சாயங்காலம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போங்கள். பச்சைக்கிளிகள் கீச்கீச்சென்று கூட்டமாகக் கடந்து போகும். அதில் ஒன்றின் எடை நூற்றைம்பது கிராம்கூட இருக்காது. அப்புறம் கீழே வந்து, இரண்டு கிலோ அரிசிப் பையை அவள் மடியில் வையுங்கள். காக்காப்போ அந்தக் கனம் இருக்கும். ஆண் நான்கு கிலோ வரைகூட வளரும்.

மனிதர்கள் வருவதற்கு முன் அந்தத் தீவுகளில் தரையில் வேட்டையாடும் பூனை, கீரி போன்ற எதுவும் கிடையாது. எதிரி வானத்திலிருந்துதான் வந்தது. அதனால் ஆபத்து என்றால் காக்காப்போ அசையாமல் நின்றுவிடும். பாசி நிற இறகு, கழுகின் கண்ணில் படாது.

இதை விளையாடியே காட்டலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தலையில் மல்லிகைப்பூவோடு அவளை ஒரு மூலையில் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் மூக்கை மட்டும் நம்பித் தேடுங்கள். கண்டுபிடித்துவிடுவீர்கள். காக்காப்போவின் உடம்பிலும் தேன் போன்ற ஒரு வாசம் உண்டு. கப்பலில் வந்த பூனையும் எலியும் மோப்பம் பிடித்தே வந்தன. அசையாமல் நின்றது அங்கே பலிக்கவில்லை. நான் பல பிள்ளைகளோடு இதை விளையாடியிருக்கிறேன். விளக்கைப் போட்டதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அப்போ எல்லாம் செத்துப்போச்சா?"

இல்லை என்று உடனே சொல்லிவிடுங்கள். 1995இல் 51 மட்டுமே மிஞ்சியிருந்தன, இன்று 200க்கும் மேல். எலி, பூனையை ஒழித்த தீவுகளில் விட்டு, முதுகில் சின்ன டிரான்ஸ்மிட்டர் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

குரலுக்கு, காலி பாட்டிலின் வாயில் ஊதிக் காட்டுங்கள். ஆண் தரையில் குழி பறித்து உட்கார்ந்து எழுப்பும் 'பூம்' சத்தம் சில கிலோமீட்டர் தூரம் கேட்கும்.

கடைசியில், 'நாமும் ஒரு கிளி வளர்க்கலாமா?' என்பாள். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாடிச் சுவரில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.