திரை கேள்வி-பதில்: மேட் மேக்ஸ் – மூத்தவனா, இளையவனா?

கேள்வி: ‘மேட் மேக்ஸ்’ (1979), அதன் இரண்டாம் பாகம் (1981) இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். “இரண்டாவதில் பணம் அதிகம், அதனால் படம் பெரிது” என்பதைத் தாண்டி என்ன எழுதலாம்?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

பதில்: பணம் கூடியது உண்மைதான். இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் தயாரிப்பாளர் பைரன் கென்னடியும் முதல் படத்தை ஏறத்தாழ 400,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்குள் முடித்தார்கள். இரண்டாவதற்கு 4 மில்லியனுக்கும் மேல் ஆனது. ஆனால் பணத்தைக் கொட்டியும் படுத்துப்போன இரண்டாம் பாகங்களுக்கா பஞ்சம்? இங்கே மாறியது கதையின் அச்சாணி. அதைப் பிடியுங்கள்.

முதல் படத்தில் உலகம் இன்னும் அழியவில்லை. போலிஸ் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, கடற்கரையில் ஐஸ்கிரீம் கூடக் கிடைக்கிறது. பிடிபட்ட குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் வராததால் அவன் வெளியே வந்துவிடுகிறான். சட்டம் சாகவில்லை, நொண்டுகிறது. மெல்பர்னைச் சுற்றிய பச்சை வயல்வெளிகளில் எடுத்ததால் ‘உலக முடிவு’ என்ற எண்ணமே எழாது. பழிவாங்கும் படம் என்று எல்லாரும் சொன்னாலும், பழிவாங்கல் வருவது கடைசி 20 நிமிடங்களுக்குள்தான். கட்டுரைகளில் அதிகம் கோட்டை விடும் இடம் இது. அதுவரை ஓடுவது, தானும் தான் துரத்தும் மோட்டார் சைக்கிள் கும்பலைப் போல் ஆகிவிடுவோமோ என்று பயந்து வேலையை விடப் பார்க்கும் மேக்ஸ் என்ற போலிஸ்காரனின் கதை.

இரண்டாம் படம் கறுப்பு வெள்ளை முன்னுரையோடு தொடங்குகிறது. ஒரு கிழவரின் குரல், போர்க் காட்சிகள், சில நிமிடங்களில் பழைய உலகம் முடிந்தது. அப்புறம் எல்லாமே பெட்ரோல். கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒழுகும் பெட்ரோலை மேக்ஸ் ஓடிப்போய்ப் பாத்திரத்தில் பிடித்து, துணியால் ஒற்றி எடுக்கிறான். சிங்கப்பூர் எல்லை தாண்டி ஜொகூர் போகுமுன் முக்கால் டேங்க் இருக்கிறதா என்று முள்ளைப் பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு அந்தப் பதற்றத்தில் பாதியாவது புரியும்! துப்பாக்கிக் குண்டும் அப்படித்தான். கடைசித் துரத்தலில், விழுந்த தோட்டாவை எடுக்க ஒரு சிறுவன் ஓடும் லாரியின் பானெட்டின்மேல் தவழ்ந்து போகிறான். நூறு தோட்டா இருந்தால் அந்தக் காட்சியே இல்லை. இல்லாமைதான் இந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறது.

அடுத்தது இடம். நியூ சவுத் வேல்ஸின் புரோக்கன் ஹில் அருகே தட்டையான பாலைநிலம். நடுவில் எண்ணெய்க் கோட்டை, சுற்றிலும் கும்பல், மேட்டிலிருந்து பார்க்கும் மேக்ஸ். யார் எங்கே, எந்தப் பக்கம் தப்ப வேண்டும் என்பது சண்டைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். முதல் படத்தின் தொடக்கத் துரத்தல் அபாரம்தான், ஆனால் பிற்பாதியில் எந்தச் சாலை எங்கே போகிறது என்று பிடிபடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மூத்தவனை மட்டம் தட்டிவிடாதீர்கள். அவனிடம் இருக்கும் பயம் இளையவனிடம் இல்லை. மேக்ஸின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறிச்சோடிய சாலையில் ஓடுகிறாள். பின்னால் மோட்டார் சைக்கிள்கள். மோதலைக் காட்டுவதில்லை. ஒரு சின்னக் காலணியும் பந்தும் சாலையில் உருள்கின்றன, அவ்வளவுதான். இழக்க ஏதுமில்லாத இரண்டாம் பட மேக்ஸை வைத்து இப்படி ஒரு காட்சி எடுக்கவே முடியாது.

இரண்டையும் இணைக்கும் ஆதாரம் வேண்டுமா? முதல் படத்தில் மேக்ஸ் முழங்காலில் சுடப்படுகிறான், அவன் கைமேல் வண்டி ஏறுகிறது. இரண்டாவதில் காலில் இரும்புப் பட்டை, தோல் ஜாக்கெட்டில் ஒரு கை வெட்டப்பட்டிருக்கிறது. வசனத்தில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

கேள்வி: முதல் படத்தில் மேக்ஸாக நடித்த மெல் கிப்சனின் குரல் வேறு யாருடையதோ போல் இருக்கிறதே?
– வாசகர், ஈசூன்

பதில்: அமெரிக்கப் பதிப்பு உங்களிடம் மாட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியப் பேச்சு அங்கே புரியாது என்று அமெரிக்கக் குரல்களை வைத்து டப்பிங் செய்து வெளியிட்டார்கள். ஒலித் தெரிவுப் பட்டியலில் ஆஸ்திரேலிய ஆங்கிலம் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். டப்பிங்கைக் கேட்டுவிட்டு நடிப்பைப் பற்றி எழுதினால் மதிப்பெண் போகும். முதல் படம் அமெரிக்காவில் பெரிதாக எடுபடாததால், இரண்டாம் படத்துக்கு அங்கே ‘தி ரோட் வாரியர்’ என்று பெயர் வைத்தார்கள். படம் ஒன்றுதான்.

கேள்வி: இரண்டாம் படத்தின் கடைசித் துரத்தலில் வரும் டாங்கர் லாரி நிஜமாகவே கவிழ்ந்ததா?
– வாசகி, பிடோக்

பதில்: நிஜமாகவேதான். 1981இல் கணினி வரைகலையில் லாரியைக் கவிழ்க்க வழி ஏது? வண்டி மேக் ஆர்-600. ஓட்டியவர் டென்னிஸ் வில்லியம்ஸ். அடிபட்டால் உடனே அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று 12 மணி நேரம் சாப்பிடாமல் வண்டியில் ஏறினார். நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டண்ட் கலைஞர் கை நாரிஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, வண்டியில் இடித்து, காற்றில் சக்கரமாய்ச் சுழன்றார். கால் எலும்பு முறிந்தது. அந்த ஷாட் படத்திலேயே இருக்கிறது. இதே மேட் மேக்ஸ் வரிசையில் 2015இல் வந்த ‘ஃபியூரி ரோட்’ படத்துக்கு ஸ்டண்ட் பொறுப்பாளரும் இதே நாரிஸ்தான். நீண்ட கம்பங்களின் உச்சியில் ஆட்கள் ஊசலாடும் காட்சியில், கம்பத்தின் அடியில் எதிர்எடை கட்டி, ஓடும் வண்டிகளிலேயே செய்தார்கள்.

கேள்வி: ‘ஃபியூரி ரோட்’ அவ்வளவு வேகமாக வெட்டப்பட்டும் தலை வலிக்கவில்லை. மற்ற படங்களில் வலிக்கிறது. ஏன்?
– குறும்பட ஆர்வலர், ஜூரோங்

பதில்: இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,700 ஷாட், சராசரியாக மூன்று விநாடிகூட இல்லை. ஆனால் ஒளிப்பதிவாளர் ஜான் சீல், முக்கியமான பொருளைக் காட்சிச் சட்டத்தின் (ஃபிரேம்) நடுவிலேயே வைத்தார். முகம், கை, துப்பாக்கி எதுவானாலும் நடுவில். வெட்டு விழும்போது கண் அலைய வேண்டியதில்லை. மற்ற படங்களில் ஒரு ஷாட்டில் ஆள் இடது ஓரம், அடுத்ததில் வலது ஓரம். கண் போய்ச் சேருமுன் ஷாட் மாறிவிடும். வலி அங்கிருந்து வருகிறது.

சோதித்துப் பாருங்கள். தொலைக்காட்சித் திரையின் நட்டநடுவில் நகம் அளவு ஒட்டுத்தாளை ஒட்டி, ஒலியை அணைத்துவிட்டு ஒரு துரத்தலை இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டியது அந்தத் தாளை ஒட்டியே வந்து நிற்கும்.

கைப்பேசியில் எடுக்கும்போது கேமராவின் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, நடுக் கட்டத்துக்குள் நடிகரின் கண்களை வையுங்கள். துரத்துபவர் இடமிருந்து வலம் ஓடினால் எல்லா ஷாட்டிலும் அப்படியே ஓட வேண்டும். திசை மாற வேண்டுமானால், அவர் நேரே கேமராவை நோக்கி வரும் ஒரு ஷாட்டை இடையில் போடுங்கள். ஆனால் நடுவில் வைத்தால் போதும் என்று நினைத்து நிதானமான உரையாடலையும் இப்படி எடுத்தால் பாஸ்போர்ட் படம் போல் இருக்கும். இன்னொன்று: அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எடுப்பதானால் முதலில் நகர மன்றத்தைக் கேளுங்கள், பொம்மைத் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், வெடிச் சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்!
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: திரையரங்கு ஒலிக்கலவையில் வசனத்துக்கும் வெடிக்கும் இடையே பெரிய இடைவெளி விட்டிருப்பார்கள். சவுண்ட்பாரில் ‘நைட் மோட்’ போட்டால் அது சுருங்கும். நடு ஒலிபெருக்கியைத் தனியே மாற்ற முடிந்தால் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. தாழொலி தரும் சப்வூஃபரைச் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுத்து, கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். மூலையில் தாழொலி பெருகும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கான்கிரீட் தளம் அதைக் கீழே கடத்தும். இரவு பத்துக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: மகனுக்கு 14 வயது. இந்தப் படங்களைப் பார்க்கலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: திரையரங்கில் என்சி16 (16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை) என்றால் அம்மா கூடப் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் முடிவு உங்களுடையது. முதல் படத்தில் ஓர் இளம் ஜோடியைக் கும்பல் தாக்குகிறது. இரண்டாவதில் தொலைநோக்கி வழியே தெரியும் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி உண்டு. முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள்.